நோர்மாவை எந்த வயதில் பாடுவது? இருபத்தைந்தில் காலஸ், அறுபத்தைந்தில் தேவியா

கீழ்வானம்

மரியெல்லா தேவியா 2013-இல் இத்தாலியின் போலோனியா நகரத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் 'நோர்மா' ஓபராவில் முதன்முறையாக நோர்மா பாத்திரத்தைப் பாடினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. அச்சுப்பிழை இல்லை, அறுபத்தைந்துதான். அதுவரை லூசியா, அமீனா, எல்வீரா என்று மெல்லிய சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்வகை) குரலுக்கு உரிய பாத்திரங்களிலேயே வாழ்ந்தவர். பெல் காண்டோ என்ற, குரலழகையும் நுண்ணிய சங்கதிகளையும் முன்னிறுத்தும் இத்தாலியப் பாணியில் அவர் அளவுக்குச் சுத்தமாகப் பாடியவர்கள் அந்தத் தலைமுறையில் மிகக் குறைவு. நோர்மா வேண்டுமா என்று கேட்டவர்களை எல்லாம் ஆண்டுக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, ஓய்வு பெறும் வயதில் அதை எடுத்தார். 2018 மே மாதம் வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் அதே நோர்மாவைப் பாடி மேடை ஓபராவிலிருந்து விடைபெற்றார். எழுபது வயதில், கரகரப்பில்லாத குரலோடு.

இப்போது சென்ற நூற்றாண்டின் பெரும்புகழ் பெற்ற ஓபரா பாடகி மரியா காலஸை எடுத்துக்கொள்வோம். முதல் நோர்மா 1948 நவம்பர் 30, ஃப்ளாரன்ஸ். இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. கடைசி நோர்மா 1965 மே 29, பாரிஸ். அன்று இறுதிக் காட்சியைப் பாட முடியாமல் நிறுத்திவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் ஒரு டோஸ்கா, அதோடு மேடை ஓபரா முடிந்தது. வயது நாற்பத்தொன்று.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நோர்மா கடைசியில் தொட வேண்டிய பாத்திரம். எவ்வளவு பெரிய பாடகியானாலும் நாற்பதுக்கு முன் அதைத் தொடுவது குரலை அடகு வைப்பது. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய தட்டு

வந்துவிட்டேன்.

தம்பி, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் காரணம் எங்கே? காலஸின் குரல் நோர்மாவால் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? அந்த அம்மாள் எண்பது தடவைக்கு மேல் நோர்மா பாடியிருக்கிறார். வேறெந்தப் பாத்திரத்தையும் அவ்வளவு முறை பாடவில்லை. நஞ்சாக இருந்தால் பத்தாவது தடவையே தெரிந்திருக்கும்.

நோர்மாவுக்கு முன்னும் பின்னும் அவர் வேறு என்ன பாடிக்கொண்டிருந்தார் என்று பாருங்கள். துரந்தோ, இசோல்ட், ப்ருன்ஹில்ட என்று கனத்த குரல் கேட்கும் பாத்திரங்கள். 1949 ஜனவரியில் வெனிஸில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'வால்க்யூர' ஓபராவில் ப்ருன்ஹில்டவாகப் பாடிக்கொண்டிருந்தார். அதே அரங்கில் பெல்லினியின் 'பூரித்தானி' ஓபராவுக்கு ஒப்பந்தமாகியிருந்த மார்கெரீட்டா கரோசியோ நோய்வாய்ப்பட்டார். இசைக்குழு நடத்துநர் துல்லியோ செராஃபின் காலஸை அழைத்து எல்வீராவைப் படிக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் படித்து, 16-ஆம் தேதி கடைசி ப்ருன்ஹில்ட, 19-ஆம் தேதி முதல் எல்வீரா. வாக்னரின் இசைக்குழுவைக் கிழித்துக்கொண்டு வரும் குரல் மூன்றே நாளில் பெல்லினியின் சரிகைவேலையைப் பாடியது. இத்தாலி வாய்பிளந்தது. குரலுக்கு வட்டி ஏறியது என்றால் இங்கேதான் ஏறியிருக்க வேண்டும். நோர்மாவின் தலையில் பழி போடாதீர்கள்.

1953, 54 வாக்கில் உடல் எடையை வேகமாகக் குறைத்ததையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அந்த வழக்கு அறுபது ஆண்டாக நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. நானும் எழுதப்போவதில்லை.

புதுக்காது

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நோர்மா பாடும் 'காஸ்தா தீவா'வை விளம்பரங்களில்கூடக் கேட்டிருக்கிறேன். நிலவைப் பார்த்துப் பாடும் அமைதியான பிரார்த்தனை. கேட்கும்போது அடகு, வட்டி எதுவும் தோன்றவில்லையே! இதில் அப்படி என்ன கஷ்டம்?

தாழம்பூ

நல்ல கேள்வி. கஷ்டம் தெரியாமல் பாடுவதுதான் அதன் கஷ்டம்.

முதலில் கதை. ரோமானியர் ஆட்சியில் இருக்கும் கால் (Gaul) நாடு, இன்றைய பிரான்ஸ் பகுதி. நோர்மா துரூயிதர்கள் என்ற அந்நாட்டுப் பூசாரி மரபினரின் தலைமைப் பூசாரிணி. கன்னி விரதம் காக்க வேண்டியவள், ரோமானிய ஆளுநன் போல்லியோனேயிடம் இரண்டு பிள்ளைகளை இரகசியமாகப் பெற்றிருக்கிறாள். அவனோ இப்போது இளைய பூசாரிணி அதால்ஜீஸாவின் பின்னால் போகிறான். நோர்மாவுக்கு இந்தச் செய்தி தெரிவதில் தொடங்கி, தானே தன்னைக் காட்டிக்கொடுத்துச் சிதையேறுவது வரை ஓபரா. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இனி குரல். திரை விலகியதும் கோரஸ், பிறகு போல்லியோனேயின் பாட்டு. நோர்மா வருகிறாள். வந்தவுடன் 'செதித்சியோஸே வோச்சி' என்ற ரெசிடடிவ், அதாவது பேச்சும் பாட்டும் கலந்த பகுதி. போர் கேட்டுக் கத்தும் கூட்டத்தை அதட்டி அடக்க வேண்டும். அதட்டி முடித்த மறு நிமிடம் புல்லாங்குழல் ஆரம்பிக்கும், அதே தொண்டையிலிருந்து 'காஸ்தா தீவா' வர வேண்டும். மூச்சு எங்கே எடுத்தீர்கள் என்று தெரியக் கூடாது. சொல்லும் சொல்லும் ஒட்டி, இழுபட்டு, அறுபடாமல் போக வேண்டும். இதைத்தான் லெகாட்டோ என்கிறோம். பெல்லினியின் மெட்டுகள் நீண்ட, நீண்ட, நீண்ட மெட்டுகள் என்று முதுமையில் இசையமைப்பாளர் வெர்டி ஒரு கடிதத்தில் வியந்து எழுதினார். கேட்பவருக்கு அது வியப்பு. பாடுபவருக்கு விலா எலும்பு நோவும்.

அது முடிந்ததும் விடுவார்களா? துள்ளும் கபலெட்டா ஒன்று உடனே வரும், முழுக்க வேகச் சங்கதிகள். பிறகு அதால்ஜீஸாவோடு ஜோடிப்பாட்டு. பிறகு போல்லியோனேயின் துரோகம் வெளிப்பட்டு மூவரும் பாடும் இடம். அங்கே 'ஓ நோன் த்ரெமாரே' என்று சீறிக்கொண்டு உச்சிக்கு ஏறி அங்கிருந்து கிடுகிடுவென்று இறங்க வேண்டும். இது முதல் பாதி மட்டும்.

இரண்டாம் பாதியில் தூங்கும் பிள்ளைகளைக் கொல்லக் கத்தியோடு நிற்கிறாள். அங்கே கிசுகிசுப்பு. 'மீரா, ஓ நோர்மா'வில் இரண்டு பெண் குரல்களும் மயிரிழை பிசகாமல் இணைந்து போக வேண்டும். 'இன் மியா மான்' ஜோடிப்பாட்டு குரலின் அடிப்பகுதியில் தொடங்கும், உயரப் பாடும் சொப்ரானோக்களுக்கு அங்கே காற்றுதான் வரும். கடைசியில், துரோகி யார் என்று மக்கள் கேட்க, 'சோன் இயோ' என்கிறாள். நான்தான். அந்த இரண்டு சொற்களுக்கு இசைக்குழுவின் துணையும் அநேகமாகக் கிடையாது. மொத்த ஓபராவிலும் மிகக் கடினமான இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஸ்வரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடம்.

லில்லி லேமன் என்று ஒரு பெரிய ஜெர்மன் பாடகி. வாக்னரும் பாடுவார், பெல்லினியும் பாடுவார். ஒரு நோர்மா பாடுவதைவிட மூன்று ப்ருன்ஹில்ட பாடுவது எளிது என்று அவர் சொன்னதாக இன்றுவரை சொல்வார்கள். வாக்னரில் நாடகத்தின் வேகம் பாடகியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பெல்லினியில் ஒவ்வொரு ஸ்வரமும் அழகாக விழுந்ததா என்று கடைசி வரை கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மைக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள்.

சுருதிப்பெட்டி

ஒரு சந்தேகம். நம்மிடம் பாடகர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையில் சுருதி வைத்துக்கொள்கிறார். மற்ற வாத்தியங்கள் அதற்கு இணங்கிப் போகும். ஓபராவில் எழுதிய கட்டையிலேயே பாடியாக வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா? அப்படியானால் பாதிக் கஷ்டம் அங்கேயே இருக்கிறது.

தாழம்பூ

பொதுவாக உண்மை. வேடிக்கை என்னவென்றால் 'காஸ்தா தீவா'வே அதற்கு விலக்கு. பெல்லினியின் கையெழுத்துப் பிரதியில் அது ஐந்து கட்டையில் இருக்கிறது. மேடைகளில் வழிவழியாகப் பாடுவது நான்கு கட்டையில். ஜோன் சதர்லண்ட் 1964-இல் செய்த தமது முதல் முழு ஒலிப்பதிவில் ஐந்து கட்டையிலேயே பாடினார். கேட்டுப் பாருங்கள், அதே மெட்டு வேறு நிறத்தில் இருக்கும். உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஒரே ஸ்வரத்தைத் தாளத்துக்குத் தள்ளித் தள்ளிப் பலமுறை தட்டிவிட்டு மேலே தாண்டுகிறார்களே, அங்கே அந்த ஒரு கட்டை வித்தியாசம் உயிரை வாங்கும்.

ஆறாம் வரிசை

ஐரோப்பாவில் குடியேறியதன் ஒரே பலன் மலிவான நிற்கும் டிக்கெட் என்று நினைப்பவன் நான். பெயரில் ஆறாம் வரிசை என்று இருப்பது வெறும் ஆசை.

இந்த விவாதத்தில் ஒருவரை மறந்துவிட்டீர்கள். யாருக்காக எழுதப்பட்டதோ அவரை. ஜூதித்தா பாஸ்தா. 1831 டிசம்பர் 26 அன்று மிலானின் லா ஸ்காலாவில் நோர்மா முதன்முதலாக மேடையேறியபோது பாஸ்தாவுக்கு முப்பத்துநான்கு வயது. அதே ஆண்டு மார்ச்சில் பெல்லினியின் 'சொன்னாம்புலா'வில் அமீனா. அதற்கு முந்தைய டிசம்பரில் தொனிசெத்தியின் 'ஆன்னா பொலேனா'. பதின்மூன்று மாதத்துக்குள் மூன்று பாத்திரங்கள், மூன்றும் அவருக்கென்றே எழுதப்பட்டவை, மூன்றும் இன்றுவரை சொப்ரானோக்களை மிரட்டுபவை.

அவருடைய குரல் அப்பழுக்கற்றதா? இல்லவே இல்லை. பாஸ்தாவின் குரல் ஒரே உலோகத்தில் வார்த்ததல்ல என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் அவரைப் புகழும்போதே எழுதினார். வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு நிறம். சுருதி விலகும் இரவுகளும் உண்டு. ஆனால் மேடையில் நின்று ஒரு சொல்லைச் சொன்னால் அரங்கம் உறைந்துவிடும். அந்தக் குறையுள்ள குரலுக்குத்தான், அந்தச் சொல்வன்மைக்குத்தான், பெல்லினியும் பாடலாசிரியர் ஃபெலிச்சே ரோமானியும் நோர்மாவை அளவெடுத்துத் தைத்தார்கள்.

ஆகவே 'சுத்தமான குரலோடு எழுபது வயதில் பாடினார்' என்பது தேவியாவுக்குப் பெருமை. நோர்மா பாத்திரத்துக்கு அது பதிலா என்பது வேறு கேள்வி.

கீழ்வானம்

ஆறாம் வரிசை அண்ணா, இது கொஞ்சம் அநியாயம். தேவியாவின் நோர்மாவில் சொல் இல்லை என்கிறீர்களா? ஓர் இத்தாலியரின் உச்சரிப்பு அது. ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் விழும். அலறவில்லை என்பதற்காக நாடகம் இல்லை என்று ஆகிவிடாது. நமக்குக் காலஸ் கேட்டுக் கேட்டு, தொண்டை கிழிந்தால்தான் உணர்ச்சி என்று பழகிவிட்டது.

பழைய தட்டு

காலஸ் தொண்டை கிழித்தாரா? 1955 டிசம்பர் 7, லா ஸ்காலா பருவத்தின் தொடக்க இரவு. அந்தோனினோ வோத்தோ நடத்த, மாரியோ தெல் மொனாக்கோவும் ஜூலியெத்தா சிமியோனாத்தோவும் உடன் பாடினார்கள். அந்த இரவின் பதிவைக் கேட்டுவிட்டு இதை மறுபடியும் எழுதுங்கள். பிள்ளைகளைக் கொல்ல வரும் காட்சியில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை.

ரெசிடடிவை எப்படிப் பாடுவது என்று செராஃபின் தமக்குச் சொன்னதைக் காலஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போய் அதைப் பாடாமல் உனக்கு நீயே பேசிப் பார், எந்தச் சொல்லில் கனம் விழுகிறது, எங்கே நிற்கிறது என்று பார், பிறகு வா என்று அனுப்பினாராம். இதே செராஃபின்தான் 1927-இல் நியூயார்க்கில் ரோஸா பொன்செல்லின் முதல் நோர்மாவையும் நடத்தியவர். பொன்செல்லுக்கு அப்போது முப்பது வயது. அதாவது ஒரே ஆசான் இரண்டு தலைமுறை நோர்மாக்களை உருவாக்கினார், இரண்டு பேரையும் நாற்பதுக்கு முன்பே. கீழ்வானம் தம்பியின் சட்டப்படி அவர் குற்றவாளி.

கீழ்வானம்

பொன்செல்லும் நாற்பதுகளின் தொடக்கத்துக்குள் மேடையை விட்டுப் போனவர்தானே ஐயா? 1937-இல் ஒரு 'கார்மென்', அதோடு சரி. என் வழக்குக்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள்.

பழைய தட்டு

அவர் மேடையை விட்டது மேல் ஸ்வரங்களின் பயத்தாலும் அரங்க நிர்வாகத்தோடு ஒத்துப்போகாததாலும். வீட்டில் 1950-களில் பாடிய பதிவுகளைக் கேளுங்கள், குரல் சிங்கம் போல இருக்கிறது.

புதுக்காது

ஒரு பாடகிக்கு நோர்மா வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டா? அதாவது, ஒப்புக்கொண்ட பிறகு?

ஆறாம் வரிசை

உண்டு, அதைச் செய்தவரும் உண்டு. ஆன்னா நெத்ரெப்கோ. 2011-இல் வியன்னாவிலும் பிறகு நியூயார்க்கிலும் 'ஆன்னா பொலேனா' பாடி, பெல் காண்டோவின் உச்சியில் இருந்தார். 2016-இல் லண்டன் ராயல் ஓபரா தன் பருவத்தை அவருடைய முதல் நோர்மாவோடு தொடங்குவதாக அறிவித்தது. முன்கூட்டியே விலகிக்கொண்டார். குரல் வேறு திசையில் வளர்ந்துவிட்டது என்பது காரணம். சோன்யா யோன்செவா அந்த இடத்தில் பாடினார். அடுத்த ஆண்டு மெட்ரோபாலிட்டன் அரங்கும் அதே திட்டத்தை வைத்திருந்தது. அங்கிருந்தும் விலகினார். அங்கே சோன்ட்ரா ராட்வனோவ்ஸ்கி பாடினார், உடன் அதால்ஜீஸாவாக ஜாய்ஸ் டிடொனாத்தோ.

அந்த விலகலைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவர் எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது. கனத்த வெர்டி பாத்திரங்களுக்குப் போய்விட்ட குரலைத் திருப்பி நோர்மாவின் நுண்ணிய சங்கதிகளுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. காலஸ் ப்ருன்ஹில்டவிலிருந்து எல்வீராவுக்கு மூன்று நாளில் வந்தார் என்பதால் எல்லோரும் வர முடியுமா?

மட்டுறுத்துநர்

நெத்ரெப்கோ குறித்த அரசியல் பதிவுகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே நோர்மா மட்டும்.

தாழம்பூ

பிறரோடு ஒப்பிட்டே ஒரு பாடகியைக் கொல்ல முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரெனாத்தா ஸ்கோத்தோ 1981 செப்டம்பரில் மெட்ரோபாலிட்டன் பருவத்தை நோர்மாவோடு தொடங்கினார். அவர் வாய் திறக்கும் முன்பே மேல்மாடியிலிருந்து காலஸின் பெயரைக் கூவினார்கள். காலஸ் இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. ஸ்கோத்தோவின் குரல் அந்தப் பாத்திரத்துக்கு மெலிந்ததுதான், மேல் ஸ்வரங்கள் ஆடியதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூச்சல் அவர் பாடியதற்கான எதிர்வினை இல்லை. செத்தவருக்காக உயிரோடு இருப்பவரை அடித்தார்கள்.

காலஸையும் விட்டுவைத்தார்களா? 1958 ஜனவரி 2, ரோம். இத்தாலியக் குடியரசுத் தலைவர் க்ரோங்கி அரங்கில் அமர்ந்திருக்க, உடல்நலம் சரியில்லாத காலஸ் முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அரங்கம் அவரை மீண்டும் பாட விடவில்லை. வழக்குத் தொடுத்தார், ஆண்டுகள் கழித்து வென்றார். யாருக்கும் அந்த வெற்றி நினைவில்லை.

பழைய தட்டு

அந்த ரோம் கதையில் இன்னொருத்தி இருக்கிறாள், அவளைத்தான் எனக்கு எப்போதும் நினைவு வரும். அனீத்தா செர்க்வெத்தி. காலஸ் விலகியதும் அவரை அழைத்தார்கள். அவர் அப்போது நேப்பிள்ஸில் நோர்மா பாடிக்கொண்டிருந்தார். அங்கே ஓர் இரவு, இங்கே ஓர் இரவு என்று இரண்டு ஊருக்கும் ஓடி ஓடிப் பாடினார். வயது இருபத்தாறு. உலகம் முழுக்கப் பெயர் பரவியது. 1961-க்குள் மேடையிலிருந்து போய்விட்டார்.

கீழ்வானம்

ஐயா, நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

பழைய தட்டு

நீ சொன்னது வயதைப் பற்றி. நான் சொல்வது மனிதாபிமானமில்லாத கால அட்டவணையைப் பற்றி. நாற்பத்தைந்து வயதுப் பாடகியை அப்படி ஓடவிட்டாலும் கதை அதுதான்.

ஆறாம் வரிசை

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. பாத்திரம் அதே பாத்திரம்தான், ஆனால் அதைச் சுற்றி இருந்தவை மாறிவிட்டன. 1831-இன் இசைக்குழு சிறியது, தந்தி வாத்தியங்களில் விலங்கு நரம்பு, சுருதியும் இன்றைவிடத் தாழ்ந்தது. பெரிய அரங்குகளும் எஃகுத் தந்திகளும் உரத்த பித்தளை வாத்தியங்களும் பிறகு வந்தவை. அதனால் நோர்மா என்றால் வெண்கலக் குரல் வேண்டும் என்ற எண்ணமும் பிறகு வந்ததே.

சிசிலியா பார்த்தோலி 2013-இல் ஸால்ஸ்பர்க் பெந்தெகொஸ்தே விழாவில் இதைத்தான் சோதித்தார். அவர் மெத்ஸோ சொப்ரானோ, அதாவது சொப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த குரல்வகை, குரலும் பெரியதல்ல. பழங்கால வாத்தியக் குழுவோடு, தாழ்ந்த சுருதியில் நோர்மா பாடினார். அதால்ஜீஸாவாக மேடையில் ரெபேகா ஒல்வேரா, ஒலித்தட்டில் சுமி ஜோ, இருவருமே மெல்லிய சொப்ரானோக்கள். தலைகீழாக்கிவிட்டார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனால் முதல் மேடையேற்றத்தில் அதால்ஜீஸா பாடிய ஜூலியா க்ரீஸியே சொப்ரானோதான், பின்னால் நோர்மாவையும் பாடியவர். அதால்ஜீஸா இளம்பெண், அவள் குரல் நோர்மாவைவிட இளமையாகக் கேட்பதுதானே நியாயம்? பொன்செல், காலஸ் காலத்து மேடைகளில் நாம் பழகியது கனத்த மெத்ஸோ, நோர்மாவின் தாயைப் போல ஒலிக்கும் அதால்ஜீஸா.

அதே 2013-இல்தான் தேவியாவும் தொடங்கினார். ஒரே ஆண்டில் இரண்டு சிறிய குரல்கள், வெவ்வேறு வழிகளில், நோர்மாவைக் காலஸின் நிழலிலிருந்து இழுத்துப் பார்த்தன. வயதைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றிப் பேசலாம் என்பது என் எண்ணம்.

பழைய தட்டு

பார்த்தோலியின் ஒலித்தட்டை வாங்கினேன். அதில் எல்லாம் இருக்கிறது, பயம் மட்டும் இல்லை. நோர்மா ஒரு கூட்டத்தையே போருக்கு அனுப்பக்கூடியவள். 'குவெர்ரா, குவெர்ரா' (போர், போர்) என்று கோரஸ் வெடிக்கும்போது அந்த வெடியைப் பற்றவைத்தவள் இவள் என்று நம்ப வேண்டும். நான் நம்பவில்லை. ஸ்டூடியோவில் எந்தக் குரலையும் பெரிதாக்கலாம், அதிகாரத்தை எப்படிப் பெரிதாக்குவது?

சுருதிப்பெட்டி

தாழம்பூ சொன்னதற்குப் பிறகு சதர்லண்டையும் காலஸையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சதர்லண்டின் சங்கதிகள் பிரமிப்பாக இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழுகிறது. ஆனால் சொல் ஒன்றும் புரியவில்லை. இத்தாலி மொழி தெரியாத எனக்கே, அது தெளிவில்லை என்று தெரிகிறது. இப்படிப் பாடுவதை அங்கே ஏற்றுக்கொள்கிறார்களா?

தாழம்பூ

சதர்லண்டின் மேல் சுமத்தப்படும் பழைய குற்றச்சாட்டு அது, பெரும்பாலும் நியாயமானது. சொற்களை மென்றுவிடுவார். அதற்கு ஈடாக அவர் கொடுத்தது மிகப் பெரிய குரலில் மிக வேகமான சங்கதி. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் கீழ்வானத்துக்குப் பிடிக்கும். 1952 நவம்பரில் லண்டனில் காலஸ் முதன்முறையாக நோர்மா பாடியபோது, நோர்மாவின் தோழி க்ளொத்தில்டேயாகச் சில வரிகள் மட்டும் பாடிய இளம்பெண் சதர்லண்ட். அவருக்குப் பெரும்புகழ் தந்த லூசியா 1959-இல் வந்தது. முதல் நோர்மா 1963-இல், கனடாவின் வான்கூவரில். பக்கத்தில் நின்று பார்த்ததிலிருந்து தாமே பாடும் வரை பதினொரு ஆண்டு. உலகப் புகழ் கிடைத்த பிறகும் நான்கு ஆண்டு காத்திருந்தார். 1984-இல் ஐம்பத்தேழு வயதில் இரண்டாம் முறை முழுவதும் ஒலிப்பதிவு செய்தார். அதில் அதால்ஜீஸா யார் தெரியுமா? மோன்செரட் கபாயே. தானே பெரிய நோர்மாவாக இருந்தவர்.

கீழ்வானம்

பிடித்திருக்கிறது அக்கா. முப்பத்தாறு வயதில் தொடங்கினார் என்பதால் நாற்பது என்ற என் எல்லையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். காத்திருக்க வேண்டும் என்பதை விடமாட்டேன்.

ஆறாம் வரிசை

கபாயே பெயர் வந்துவிட்டதால்: 1974 ஜூலை 20, தென் பிரான்ஸின் ஒராஞ்சு நகரம், ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கம். மிஸ்த்ரால் காற்று அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் பார்க்கலாம், அங்கி பாய்மரம் போல விரிந்து அவரை இழுக்கிறது. அதற்கு நடுவில் 'காஸ்தா தீவா'வின் மெல்லிய இழையை அறுபடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போல்லியோனே ஜான் விக்கர்ஸ், அவர் குரல் காற்றையே எதிர்த்து நிற்கக்கூடியது. தம்முடைய மிகச் சிறந்த இரவுகளில் ஒன்றாகக் கபாயே அதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அவருடைய நாடகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது, பல இரவுகளில் கை கட்டி நின்று அழகாகப் பாடிவிட்டுப் போய்விடுவார். அன்று காற்று அவரை விடவில்லை, நடிக்க வைத்துவிட்டது.

புதுக்காது

லா ஸ்காலாவில் முதல் நாளே கைதட்டல் அள்ளியிருக்குமே, பாஸ்தாவுக்கு?

ஆறாம் வரிசை

தோல்வி! அன்றிரவே பெல்லினி நண்பர் ஃப்ளோரிமோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினார். பாடகர்கள் ஒத்திகையால் களைத்திருந்தார்கள். முதல் அங்கம் வழக்கமான பெரிய கோரஸ் இல்லாமல் மூவர் பாட்டோடு முடிந்தது கூட்டத்துக்குப் பிடிபடவில்லை. போட்டி இசையமைப்பாளர் பச்சீனியின் பக்கத்தவர்கள் ஆள் வைத்துக் கலைத்தார்கள் என்றும் பேச்சு. பாஸ்தாவுக்கே 'காஸ்தா தீவா' முதலில் பிடிக்கவில்லை, தம் குரலுக்குப் பொருந்தாது என்று மறுத்தார், தினமும் பாடிப் பார்க்கும்படி பெல்லினி கெஞ்சினார் என்று ஒரு கதை உண்டு. சில இரவுகளிலேயே நிலைமை மாறிவிட்டது. 1837-இல் ரீகா நகரத்தில் வசூல் தமக்கே சேரும் நிகழ்ச்சிக்கு எந்த ஓபரா வேண்டும் என்று இளம் வாக்னர் தேர்ந்தெடுத்தது நோர்மாவைத்தான்.

பிறந்த வீட்டிலேயே இன்னொரு விந்தை. 1977-இல் கபாயே பாடிய பிறகு லா ஸ்காலா நோர்மாவை மேடையேற்றவே இல்லை. 2025 கோடையில்தான் மரீனா ரெபெகாவோடு மீண்டும் வந்தது. நாற்பத்தெட்டு ஆண்டு. அந்த இடைவெளியில் மற்ற ஊர்களில் எத்தனையோ பேர் பாடினார்கள், தேவியா உட்பட. மிலானில் மட்டும் ஒருவரும் துணியவில்லை, அல்லது அரங்கம் துணியவில்லை.

பழைய தட்டு

மிலான் செய்தது சரி. பாட ஆளில்லை என்றால் மூடி வைப்பதே மரியாதை.

தாழம்பூ

அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது ஐயா. ஐம்பது ஆண்டு ஒரு ஊரில் ஒரு ஓபரா ஒலிக்கவில்லை என்றால் அங்கே வளரும் பாடகிகளும் இசைக்குழுவும் கோரஸும் அதை எங்கே கற்பது? ரசிகர்கள் தட்டுகளில் கற்றார்கள், தட்டில் இருப்பது காலஸ், ஆகவே வருகிறவளை எல்லாம் தட்டோடு ஒப்பிட்டார்கள். மரியாதை என்ற பெயரில் பாத்திரத்தைப் பூட்டி வைத்தது பயம்தான். சாதாரண நோர்மாக்களும் வேண்டும். பத்து சுமாரான நோர்மா கேட்ட ஊரில்தான் பதினொன்றாவது நல்ல நோர்மாவை அடையாளம் காண ஆள் இருக்கும்.

பழைய தட்டு

பத்து சுமாரான நோர்மாவை நீங்கள் கேளுங்கள் அம்மா, என் காதுக்கு வயதாகிவிட்டது.

புதுக்காது

எதிலிருந்து தொடங்குவது என்று ஒருவராவது சொல்வீர்களா? ஒன்றே ஒன்று.

தாழம்பூ

காலஸ், 1955, லா ஸ்காலா. ஒலித்தரம் சுமார், அதைப் பொருட்படுத்தாதீர்கள். 'காஸ்தா தீவா'வில் தொடங்காமல் இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் தொடங்குங்கள்.

கீழ்வானம்

தேவியா, வெனிஸ். முதலிலிருந்தே.

பழைய தட்டு

1952 லண்டன். காலஸையும் கேட்கலாம், நடுவில் சதர்லண்ட் இரண்டு வரி பாடிவிட்டுப் போவதையும் பிடிக்கலாம். ஒரு டிக்கெட்டில் இரண்டு நோர்மா.

ஆறாம் வரிசை

ஒன்று கேட்டார், மூன்று கிடைத்தது. புதுக்காது, என் வாக்கு தாழம்பூவுக்கு. கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், 'சோன் இயோ' பற்றி அவர் சொன்னதை நானும் சரிபார்க்க வேண்டும்.